வெல்டிங் உடுப்புக்குள் வேகும் உடம்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் மத்தியான நேரம், தகரக் கூரைக்கு அடியில் தோல் ஜாக்கெட்டோடு வெல்டிங் அடிப்பவருக்கு முதலில் கை போவது கழுத்துப் பொத்தானுக்குத்தான். நானும் கழற்றியிருக்கிறேன். அன்று மாலை குளிக்கும்போது, ஜாக்கெட் திறந்திருந்த அளவுக்கு நெஞ்சில் செக்கச்செவேல் என்று ஒரு முக்கோணம். தண்ணீர் பட்டதும் காந்தியது. தீப்பொறி படவே இல்லை. வெல்டிங் முனையில் எரியும் ஆர்க் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிர் சுட்டிருக்கிறது. அதற்குச் சில நிமிடங்களே போதும்.

ஜாக்கெட் கனக்கிறதே என்று உள்ளே பந்தாட்ட ஜெர்சி போடாதீர்கள். பாலியெஸ்டர் சுமார் 260 டிகிரியில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திப் பனியன்தான் சரி.

எனக்கு அதிகக் கவலை தருவது ஈரம். பினாங்குக் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம். தோல் ஜாக்கெட்டுக்குள் வியர்வை காயவே வழியில்லை. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். வழிந்து ஓடுகிற வியர்வை உடம்பின் நீரைத்தான் குறைக்கும். இன்னொன்று, காய்ந்த தோல் கையுறை மின்சாரத்தைத் தடுக்கும், நனைந்த கையுறை விட்டுவிடும். ராடு, அதாவது வெல்டிங் குச்சி, மாற்றும் நேரத்தில் அதைப் பிடிக்கும் ஹோல்டரில் 80 வோல்ட் வரை நிற்கலாம். பிழிந்தால் சொட்டும் கையுறையோடு அதைத் தொடுவது எவ்வளவு பெரிய ஆபத்து! இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கையில், ஒன்று காயட்டும். பனியனும் அப்படியே, மதியம் மாற்றுங்கள். வேர்க்குருவும் குறையும்.

வெல்டைக் காற்று படாமல் காக்கும் கேஸ் கலைந்து வெல்டில் ஓட்டை விழுகிறது என்று காற்றாடியையே அணைத்துவிடுகிறார்கள். அணைக்க வேண்டாம், வெல்டில் படாமல் திருப்பி வைத்தால் போதும்.

தாகம் எடுக்கட்டும் என்று காத்திருப்பதும் தவறு. 15, 20 நிமிடத்துக்கு ஒரு கப் தண்ணீர் குடிக்க வேண்டும். புதுத் தம்பிகளை முதல் நாளே முழு ஷிப்ட் போடாதீர்கள். சூட்டுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். தீபாவளிக்கு ஒரு வாரம் லீவு போட்டுத் திரும்பும் பழைய அண்ணனுக்கும் அந்தப் பழக்கம் குறைந்திருக்கும்.

மலேசியாவின் 1994 தொழில் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாப்பு உடுப்புக்குத் தொழிலாளியிடம் முதலாளி காசு வாங்கக் கூடாது. கிழிந்திருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

பக்கத்தில் வேலை செய்பவர் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் உளறினாலோ தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம், “கொஞ்சம் உட்காருப்பா” என்று விட்டுவிடாதீர்கள். மெஷினை அணைத்து, நிழலுக்கு இழுத்து, ஜாக்கெட்டைக் கழற்றி, மேலே தண்ணீரை ஊற்றிக் காற்றாடியை அவர் பக்கம் திருப்புங்கள். இன்னொருவர் உடனே 999-ஐ அழைக்கட்டும்.