ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வலைப்பூ: தொடங்கும் முறையும் நடத்தும் முறையும்

மாணவர் எழுதும் கட்டுரையைப் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவர்தான் படிக்கிறார். அவரும் மதிப்பெண் இடவே படிக்கிறார் என்பது எழுதியவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் எழுதியதை மீண்டும் எடுத்துத் திருத்த வேண்டும் என்ற எண்ணமே வருவதில்லை. வகுப்புக்கென ஒரு வலைப்பூ (பிளாக்) இருந்தால், சந்தேகம் கேட்கும் வாசகர்கள் கிடைக்கிறார்கள், திருத்தி எழுதுவதற்குக் காரணமும் கிடைக்கிறது. இங்கே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் அந்தத் திருத்தத்தை நோக்கியவை. பத்தாம் வகுப்பைப் பொதுத்தேர்வு விழுங்கிவிடுவதால், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இதற்கு ஏற்றது ஒன்பதாம் வகுப்பே.

மாணவருக்கு ஒன்று எனப் பல வலைப்பூக்கள் வேண்டாம். நாற்பது வலைப்பூக்களை எந்த ஆசிரியராலும் கண்காணிக்க முடியாது. வகுப்பு முழுவதற்கும் ஒன்றே போதும். வலைப்பூ தொடங்க உதவும் தளங்களில் ஒன்றான பிளாகரில் எழுத அனுமதி பெற்ற எவரும் தம் பதிவைத் தாமே வெளியிட்டுவிட முடியும். மற்றொரு தளமான வேர்ட்பிரஸ்ஸில் மாணவருக்குப் பங்களிப்பாளர் என்ற நிலையைக் கொடுத்தால், அவர் வரைவை எழுதிச் சமர்ப்பிக்கலாம், ஆனால் வெளியிட முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே பள்ளிக்கு வேர்ட்பிரஸ்ஸைப் பரிந்துரைக்கிறேன். மாணவர்களிடம் மின்னஞ்சல் இல்லையென்றால் அதற்காகப் புதிய கணக்கு தொடங்கச் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வகக் கணினியில் அவர்கள் தட்டச்சு செய்து சேமித்த கோப்பை ஆசிரியரே பதிவேற்றலாம். வாசகர்களின் பின்னூட்டங்கள் அனைத்தும் மட்டுறுத்தலுக்கு, அதாவது ஆசிரியர் பார்த்து அனுமதிப்பதற்குப் பின்னரே தோன்றும்படி முதல் நாளே அமைத்துவிட வேண்டும்.

அதற்கும் முன்னால் தலைமை ஆசிரியரின் எழுத்துப்பூர்வமான அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் தேவை. 2023ஆம் ஆண்டின் எண்ம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. ஒப்புதல் கடிதம் பெற்றோர் படித்துப் புரிந்துகொள்ளும் எளிய தமிழில் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். பதிவில் மாணவரின் பெயர் மட்டும் போதும். தந்தை பெயர், முகம் தெரியும் படம், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் தரவுத்தளத்தில் மாணவருக்குரிய அடையாள எண்), வீட்டு முகவரி ஆகிய எதுவும் இடம்பெறக் கூடாது.

தட்டச்சுக்கென்று முதலில் இரண்டு மூன்று பாடவேளைகளை ஒதுக்குங்கள். பலர் கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளால் தமிழை அடித்தே பழகியிருப்பார்கள். ஆய்வகத்தில் தமிழ்99 விசைப்பலகையைக் கற்பிப்பது நல்லது. 1999இல் தமிழக அரசு ஏற்ற இந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால், தமிழ் எழுத்திலக்கணம் அறிந்தவருக்கு விரைவில் பிடிபடும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். புள்ளி தானே விழுந்துவிடும். ‘பந்து’ என்பதற்கும் ப, ந, த, உ என்று அடித்தால் போதும், இன எழுத்துக்குரிய புள்ளியைக் கணினியே வைத்துக்கொள்ளும். இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் இந்த அமைப்பு உண்டு. பாமினி, வானவில் முதலிய பழைய எழுத்துருக்களில் அடித்ததை அப்படியே ஒட்டினால் வலைப்பூவில் பொருளற்ற எழுத்துக்குவியல்தான் தெரியும் என்பதால், எல்லாம் எந்தக் கணினியிலும் சரியாகத் தெரியும் ஒருங்குறியிலேயே (யூனிகோடு) இருக்க வேண்டும்.

தலைப்புதான் இந்த முயற்சியின் உயிர்நாடி. ‘நீரின்றி அமையாது உலகு’ என்று தலைப்புக் கொடுத்தால், துணைநூலில் உள்ள கட்டுரை நாற்பது படிகளாகத் திரும்பி வரும். ‘நம் ஊர் ஏரிக்கு எத்தனை மதகுகள், மிகை நீர் வழியும் கலிங்கு எந்தப் பக்கம், கடைசியாக எந்த ஆண்டு மறுகால் பாய்ந்தது, மடை திறக்கும் முறையை யார் தீர்மானிக்கிறார்கள்’ என்று கேட்டால், விடையை ஊரில்தான் தேட வேண்டும். தென்மாவட்டமானால் கண்மாயைப் பற்றி, வயல்களுக்கு நீரைப் பிரித்துவிடும் நீர்ப்பாய்ச்சியாக இருந்த பெரியவரிடம் கேட்டு வரச் சொல்லலாம். பேசியவரின் அனுமதி, பேசிய நாள், அவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவரச் செய்யுங்கள். தமிழ், சமூக அறிவியல், அறிவியல் ஆசிரியர்கள் மூவரும் சேர்ந்து இதை நடத்தினால் பாடவேளைச் சிக்கலும் குறையும்.

முதல் வரைவைக் கையால், வகுப்பிலேயே எழுத வேண்டும். விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்து ஒட்டுவதும், சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்குவதும் இதனால் பெருமளவு குறையும். பெரியவரிடம் கேட்டெழுதிய குறிப்பேடு கையில் இருக்கும்போது அவற்றின் தேவையும் குறைகிறது. தட்டச்சு முடிந்ததும் மாணவர்கள் இடம் மாறி உட்கார்ந்து, அடுத்தவரின் கோப்பின் கீழே இரண்டு கேள்விகளை மட்டும் எழுதட்டும்: எந்த வரி புரியவில்லை, எதைப் பற்றிக் கூடுதலாகத் தெரிய வேண்டும். ‘சூப்பர்’, ‘அருமை’ போன்றவற்றை ஏற்க வேண்டாம். ‘எங்கள் ஏரி மிகவும் பெரியது’ என்ற வரிக்குக் கீழே ‘எவ்வளவு பெரியது?’ என்று தோழி கேட்டுவிட்டால், எழுதியவர் கரையில் நடந்து பார்த்துவிட்டு, ‘ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க இருபது நிமிடம் ஆகிறது’ என்று மாற்றி எழுதுவார். ஆசிரியர் பத்து முறை சொல்லியும் நடக்காத திருத்தம் இப்படி ஒரே கேள்வியில் நடந்துவிடும். ஆகவே ஆசிரியர் தம் சிவப்பு மையை இதற்குப் பிறகே எடுக்க வேண்டும். அதுவும் தகவல் பிழைக்கும் பொருள் மாற்றும் எழுத்துப் பிழைக்கும் மட்டும்.

படங்களை இணையத்திலிருந்து எடுக்காமல், மாணவர்களே எடுத்தவற்றை இடுவது உரிமைச் சிக்கலைத் தவிர்க்கும். கைப்பேசியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் இணையம் இல்லாதவர் பின்தங்கக் கூடாது என்பதால் தட்டச்சு, திருத்தம், பதிவேற்றம் மூன்றும் பள்ளி நேரத்திலேயே முடிய வேண்டும். மதிப்பெண்ணை வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடுகளில் (பாடம் நடக்கும்போதே இடையிடையே செய்யும் மதிப்பீடு) சேர்க்கலாம். அப்போது முதல் வரைவையும் வெளியான பதிவையும் அருகருகே வைத்து, இடையில் நிகழ்ந்த மாற்றத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். இறுதி வடிவத்துக்கு மட்டும் கொடுத்தால் ஏற்கெனவே நன்றாக எழுதுபவரே மீண்டும் பரிசு பெறுவார்.

வலைப்பூவை ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்காமல், பள்ளியின் மின்னஞ்சலில் தொடங்கி, இன்னோர் ஆசிரியரையும் நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள். பணிமாறுதல் வந்தாலும் பதிவுகள் பள்ளியிடமே இருக்கும். கல்வியாண்டின் இறுதியில் எல்லாப் பதிவுகளையும் ஏற்றுமதி செய்து ஆய்வகக் கணினியில் ஒரு படி வைத்துவிட்டு, தம் பதிவை நீக்கக் கேட்கும் மாணவரின் பதிவை மறுப்பின்றி நீக்கிவிட வேண்டும்.