இரைப்பை ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் நடக்கும் தவறுகள்

புற்றுநோய்க்காக இரைப்பையை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ எடுத்தவர் வீடு திரும்பியதும், பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் பழ ஜூஸும் வாங்கி வருவார்கள். நன்றாகச் சாப்பிட்டால்தான் உடம்பு தேறும் என்று வீட்டாரும் தட்டை நிரப்புவார்கள். அன்புதான், ஆனால் முதல் தவறும் அதுதான்.

உணவைத் தேக்கி வைத்து, கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்புவது இரைப்பையின் வேலை. அது இல்லாதபோது சாப்பிட்டது மொத்தமாகச் சிறுகுடலில் போய் இறங்குகிறது. இனிப்பும் நீர்த்த உணவும் இன்னும் வேகமாக இறங்கும். குடல் ரத்தத்திலிருந்து நீரை இழுத்துக்கொள்ள, அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பேதி. மருத்துவர்கள் ‘டம்பிங்’ என்பது இதைத்தான். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வேறு மாதிரி வரும்: இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்து, சர்க்கரை இறங்கி, கை நடுங்கித் தலை சுற்றும். அந்த நேரத்தில் கொஞ்சம் சர்க்கரை கொடுக்கத்தான் வேண்டும். அதற்காகத் தினமும் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து வந்தால் அதே சுழற்சி தொடரும். முந்தைய வேளையில் இனிப்பைக் குறைப்பதே வழி.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள். முட்டை, மீன், பருப்பு ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். சோறு மிதக்க ரசம் ஊற்றிச் சாப்பிடுவதும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும்! முதல் மாதங்களில் எடை குறைவது வழக்கம். நிற்காமல் குறைந்துகொண்டே போனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்தது, பி12 ஊசியைப் பாதியில் நிறுத்துவது. இந்தச் சத்தைக் குடல் உறிஞ்ச உதவும் புரதம் இரைப்பையில்தான் சுரக்கிறது. கல்லீரலில் பழைய சேமிப்பு இருப்பதால் ஓரிரு வருடம் எதுவும் தெரியாது. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று ஊசியை விட்டவருக்கு அப்புறம் ரத்தசோகை, கால் மரத்துப்போதல், நடை தள்ளாட்டம் வரும். முற்றிய நரம்புப் பாதிப்பு முழுதாகத் திரும்பாமல் போகலாம். இரைப்பையை முழுதாக எடுத்தவருக்கு பி12 ஆயுள் முழுக்கத் தேவை. சைவ உணவுக்காரர்களுக்குச் சேமிப்பே குறைவாக இருக்கும், இன்னும் கவனம் வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி அளவுகளையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போட்டுக் காத்திருப்பது இதைவிட ஆபத்தானது. உணவுக்குழாயையோ மீதி இரைப்பையையோ குடலோடு இணைத்த தையலில் கசிவு ஏற்பட்டால், அது பெரும்பாலும் முதல் பத்து நாட்களுக்குள் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகும் தெரியலாம். காய்ச்சல், வேகமான நாடி, மூச்சு வாங்குதல், கூடிவரும் வயிற்று வலி இவற்றில் எது வந்தாலும் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே உடனே போங்கள். வருடங்கள் கழித்துத் திடீரென்று கடும் வயிற்று வலியும் வாந்தியும் வந்தாலும், ‘கேஸ்’ என்று சோடா குடித்துப் பார்க்க வேண்டாம். குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொண்டிருக்கலாம்.

மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், இபுப்ரொஃபேன் மாத்திரைகள் இணைப்பு இடத்தில் புண் உண்டாக்கும். புகையும் அப்படித்தான்.

கடைசியாக, நோயின் பெயரை நோயாளியிடமே மறைப்பது. ‘அல்சர் ஆபரேஷன்’ என்று நம்பியிருப்பவர் கீமோவுக்கு ஏன் வர வேண்டும்? நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான் திரும்புகிறது. அந்தக் காலத்துச் செக்கப்பைத் தவறவிடுகிறவர்களில், சொல்லப்படாதவர்களும் இருக்கிறார்கள்.