பான்டூன் படகு: இன்ஜினுக்கு முன் அடிப்பாகத்தைப் பாருங்கள்

முட்டுக்காடு மாதிரி உப்பங்கழியில் ஓட்டுவதற்குப் புதுசாகப் பான்டூன் படகு (மிதக்கும் அலுமினியக் குழாய்கள்மேல் தட்டையான தளம் போட்டது) வாங்குபவர்கள் முதலில் கேட்பது பெரிய இன்ஜின்தான். கொஞ்சம் பொறுங்கள். இரண்டு குழாய்ப் படகில் குதிரைத்திறனை மட்டும் ஏற்றினால் பெட்ரோல்தான் அதிகம் கரையும். வேகம் வேண்டும், ஆட்களும் நிறைய என்றால் மூன்றாவது குழாய்க்குப் பணம் கொடுங்கள். அப்புறம் குனிந்து, குழாயின் பக்கவாட்டைக் கையால் தடவிப் பாருங்கள். நீளவாக்கில் பற்றவைத்த பட்டைகள் தட்டுப்படவேண்டும். வேகமெடுக்கும்போது படகை மேலே தூக்கிக் கொடுப்பவை அவை. தளத்துக்கு அடியிலும் அலுமினியத் தகடு அடித்திருந்தால், குறுக்குச் சட்டங்களில் தண்ணீர் மோதி இழுக்காது. இதையெல்லாம் ஆர்டர் செய்யும்போதே சேர்த்துவிடுவது நல்லது, பிறகு பொருத்துவது பெரிய தலைவலி. புரொப்பெல்லரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

குடும்பத்தோடு மெதுவாகச் சுற்றிவரத்தான் என்றால் இரண்டு குழாயே தாராளம். மிச்சப் பணத்தில் நல்ல கூரை போடலாம், நம்ம ஊர் வெயில் தெரியும்தானே!

எந்தப் படகானாலும் உலோக அரிப்பைப் படகுக்குப் பதிலாகத் தானே வாங்கிக்கொள்ளும் ஆனோடு என்ற உலோகத் துண்டுகள் இருக்கிறதா என்று கேளுங்கள். நன்னீருக்கான மெக்னீசியம் ஆனோடு உப்புத் தண்ணீரில் சீக்கிரம் கரைந்துவிடும். அலுமினிய ஆனோடு கேட்டு வாங்குங்கள்.