போன் போட்டோ எல்லாம் வீட்டு சர்வர்லயே பேக்கப் எடுக்குறது எப்படி

சும்மா கிடக்குற பழைய லேப்டாப்போ ஒரு ராஸ்ப்பெரி பை 4-ஓ (உள்ளங்கை அளவு குட்டி கம்ப்யூட்டர்), கூட ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், இது போதும். பைனா டிஸ்க்க நீல கலர் யுஎஸ்பி 3 போர்ட்ல சொருகுங்க, டிஸ்க் அடிக்கடி கட் ஆனா முக்கால்வாசி கரன்ட் பத்தாம தான் இருக்கும், தனி அடாப்டர் இருக்குற ஹப் போட்டா சரியாயிடும். லேப்டாப்னா மூடினாலும் தூங்காத மாதிரி செட்டிங்ஸ மாத்திடுங்க. எதுவா இருந்தாலும் ரவுட்டருக்கு கேபிள் இழுத்துடுங்க, அப்படியே ரவுட்டர்ல அதுக்கு ஒரு ஐபிய (நெட்வொர்க் அட்ரஸ்) நிரந்தரமா ஒதுக்கிடுங்க, இல்லனா ஐபி மாறினதும் பேக்கப் நின்னுடும், உங்களுக்கு தெரியவே தெரியாது.

டிஸ்க்க லினக்ஸ் சர்வருக்கு ஏத்த இஎக்ஸ்டி4-ல ஃபார்மேட் பண்ணுங்க (உள்ள இருக்குறது எல்லாம் அழிஞ்சிடும், முதல்ல காப்பி எடுத்துக்கோங்க). பூட் ஆகுறப்போ எந்த டிஸ்க்க எந்த ஃபோல்டர்ல இணைக்கணும்னு (அதான் மவுன்ட்) சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல, டிஸ்க்கோட தனி அடையாள நம்பரான யுயுஐடி வச்சு மவுன்ட் பண்ணி நோஃபெயில்ங்கற ஆப்ஷன சேருங்க, அப்போ தான் டிஸ்க் இல்லனாலும் சர்வர் பூட் ஆகும்.

ஆனா இதுல தான் நான் நல்லா மாட்டினேன். ஒரு தடவ கரன்ட் போய் வந்தப்போ டிஸ்க் மவுன்ட் ஆகல, சாம்பா (சர்வர் ஃபோல்டர நெட்வொர்க்ல ஷேர் பண்ற சாஃப்ட்வேர்) பாட்டுக்கு அந்த காலி மவுன்ட் ஃபோல்டர்லயே எழுதிட்டு இருந்துச்சு, அதாவது சர்வரோட சிஸ்டம் இருக்குற மெமரி கார்டுல, அது ஃபுல் ஆகி சர்வரே படுத்த அப்புறம் தான் கண்டுபிடிச்சேன். அதனால மவுன்ட் ஃபோல்டர நேரா ஷேர் பண்ணாதீங்க, டிஸ்க்குக்கு உள்ள ஒரு ஃபோல்டர் போட்டு அத ஷேர் பண்ணுங்க, டிஸ்க் இல்லனா அந்த ஃபோல்டரும் இருக்காது, போன்ல எரர் காட்டிடும்.

சாம்பா இன்ஸ்டால் பண்ணிட்டு வீட்ல ஆளுக்கொரு யூசர், ஆளுக்கொரு ஷேர் போடுங்க, கெஸ்ட் வேண்டாம். லினக்ஸ் பாஸ்வேர்ட் இதுல செல்லாது, சாம்பாவுக்குனு தனியா பாஸ்வேர்ட் வைக்கணும், நிறைய பேர் இங்க தான் முட்டிக்கிறாங்க.

ஆண்ட்ராய்டுல ஃபோல்டர்சிங்க் ஆப் நல்லா இருக்கு. கேமரா ஃபோல்டர்ல இருந்து சர்வருக்கு மட்டும் போற மாதிரி ஒன்வேயா வைங்க, டிலீட்டையும் சேர்த்து சிங்க் பண்ற ஆப்ஷன் ஆஃப்ல இருக்கணும், இத மட்டும் தயவுசெஞ்சு ரெண்டு தடவ பாருங்க. போன்ல இடம் காலி பண்றதுக்கு நீங்க அழிக்கிற போட்டோ சர்வர்லயும் அழிஞ்சா அது பேக்கப்பே கிடையாது. வைஃபை இருந்தா மட்டும், சார்ஜ்ல இருந்தா மட்டும்னு வச்சிட்டு, அந்த ஆப்புக்கு பேட்டரி ஆப்டிமைசேஷன ஆஃப் பண்ணுங்க. ஐபோன்னா போட்டோசிங்க் பாருங்க, ஆனா ஐஓஎஸ் பின்னாடி ஓடுற ஆப்ப சீக்கிரம் நிறுத்திடும், அப்பப்போ திறந்து விடணும்.

வெளில இருந்தும் போட்டோ பாக்கணும்னு ரவுட்டர்ல சாம்பா பயன்படுத்துற 445 போர்ட்ட திறந்துடாதீங்க. 2017-ல வானாக்ரைங்கற ரான்சம்வேர் (ஃபைல்கள பூட்டிட்டு பணம் கேக்குற வைரஸ்) பரவினதே, விண்டோஸ்ல ஃபைல் ஷேர் பண்ற பழைய எஸ்எம்பி1 முறைல இருந்த ஓட்டை வழியா தான். வெளில இருந்து வேணும்னா வயர்கார்ட் விபிஎன் (வெளில இருந்து வீட்டு நெட்வொர்க்குக்கு பாதுகாப்பா வர்ற வழி) போட்டுக்கோங்க.

எல்லாம் ஓட ஆரம்பிச்சதும் சர்வர்ல இருந்து ஒரு பெரிய வீடியோவ போனுக்கு திருப்பி இறக்கி கடைசி வரைக்கும் ஓடுதானு பாருங்க. அப்புறம் மாசம் ஒரு தடவ இன்னொரு டிஸ்க்ல மொத்தத்தயும் காப்பி எடுத்து, கழட்டி வேற ரூம்ல வைங்க, ஏன்னா இந்த சர்வர்ல இருக்குறதும் ஒரே ஒரு டிஸ்க் தான்.