பூச்சியத்தில் நில்லாத முள்: பழைய வால்வு வோல்ற்மீற்றரைத் திருத்துதல்

சித்தப்பா யாழ் நகரில் வானொலி திருத்திய காலத்து அமெரிக்க ஹீத்கிட் நிறுவனத்தின் வி-7ஏ வால்வு (வெற்றிடக் குழாய்) வோல்ற்மீற்றர் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் செய்தி கேட்டோம். இந்த மீற்றருக்கு வேலையே இருக்கவில்லை. போன மாரியில் அதைக் கீழே இறக்கினேன்.

முதல் வேலை, அதைச் சுவரில் செருகாமல் இருப்பது. அமெரிக்காவின் 117 வோல்ற்றுக்குச் செய்த கருவியை நமது 230 வோல்ற் கருக்கிவிடும். மின்னழுத்தத்தைப் பாதியாக்கும் நிலைமாற்றி ஒன்று வேண்டும். அதற்கும் முன்னால் தொடராக 25 வாட் இழைக் குமிழ் ஒன்றை இணையுங்கள். குமிழ் பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே எங்கோ குறுக்குச்சுற்று. எல்ஈடி குமிழ் இதற்கு உதவாது. கோழிக்குஞ்சுக் கூட்டுக்கு வைக்கும் பழைய குமிழ்தான் சரி.

அடுத்து, ஓம் அளப்பதற்கான 1.5 வோல்ற் பற்றரியைக் கழற்றுங்கள். பழைய நாகக் காபன் பற்றரி கசிந்திருந்தால் அப்பச்சோடாக் கரைசல். அல்கலைன் என்றால் வினாகிரி.

வடிகட்டும் மின்பகுப்புக் கொள்ளளவியை (மின்னைச் சேமிக்கும் கப்பாசிற்றர்) யோசிக்காமல் மாற்றுங்கள். தொடுவதற்கு முன் 10 கிலோ ஓம் தடையியால் மின்னிறக்குங்கள். திருப்புளியால் பொறி பறக்கவிடும் வீரம் வேண்டாம். ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் செலினியம் திருத்தியையும் எடுத்துவிட்டு 1என்4007 டயோட்டுப் போட்டேன். அப்போது மின்னழுத்தம் கூடும். தொடராக ஒரு தடையி சேர்த்துப் பழைய அளவுக்கு இறக்க வேண்டும்.

இனித்தான் என் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற இடம். 1500 வோல்ற் வீச்சில் (அளக்கும் எல்லையில்) முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்துவேன். 1.5 வோல்ற்றுக்குத் திருப்பியதும் அது நகர்ந்துவிடும். தடையிகளைச் சந்தேகித்து ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. குற்றவாளி 12ஏயு7 வால்வு. அதில், அளக்கும் மின்னழுத்தம் வந்துசேரும் கம்பிவலையான கிரிட்டில் மின்னோட்டமே ஓடக் கூடாது. பழசாகி உள்ளே வாயு சேர்ந்தால் துளி ஓடும். மிகக் குறைந்த வீச்சில் கிரிட்டுக்கு முன்னால் 10 மெகா ஓம் நிற்கிறது. வெறும் 10 நானோ அம்பியர் ஓடினாலே 0.1 வோல்ற் பிறந்துவிடும், முழு அளவின் பதினைந்தில் ஒரு பங்கு! உயர் வீச்சில் அந்தத் தடை மிகச் சிறியது என்பதால் பிழை தெரியாது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: 1.5 வீச்சில் அளவுமுனையைப் பொது முனையோடு தொடுங்கள். முள் ஏறக்குறைய பூச்சியத்துக்குத் திரும்பினால் வால்வைச் சந்தேகியுங்கள். அதே வால்வுக்கு ஐரோப்பியப் பெயர் ஈசிசி82. பழைய ஒலிபெருக்கிகளில் தேடிப் பாருங்கள். மாற்றிய பின் ஓரிரு நாள் எரியவிட்டுத்தான் அளவு திருத்த வேண்டும். நான் அவசரப்பட்டு அன்றிரவே திருத்தினேன். விடிந்தபோது எல்லாம் பிழை. புதுப் பற்றரி ஒன்றை நல்ல டிஜிற்றல் மல்ரிமீற்றரால் அளந்து, அதே எண்ணைக் காட்டும்படி திருத்தினால் வீட்டு வேலைக்குப் போதும்.

பிற்சேர்க்கை: பருத்தித்துறை வாசகர் ஒருவர் புது வால்வு போட்டும் முள் நகர்கிறது என்று எழுதியிருந்தார். விசாரித்தால், வீச்சு ஆளியைக் கொரோனாக் காலத்து மிச்சக் கைச் சுத்திகரிப்பானால் துடைத்திருக்கிறார். அதிலுள்ள கிளிசரின் ஒட்டிக்கொண்டு ஈரத்தை இழுக்கும். கடற்கரை ஊரில் கேட்கவா வேண்டும்? சுத்தமான ஐசோபுறோப்பைல் அற்ககோலால் கழுவி ஒரு நாள் உலரவிட்டாராம். முள் இப்போது அசைவதில்லை.