கிரெடிட் கார்டு பாயிண்ட்: முதலில் பில்லைக் கவனியுங்கள்

கையில் புது கார்டு வந்ததும் எல்லோரும் கேட்பது, "எதில் பாயிண்ட் அதிகம்?" என்றுதான். அது இருக்கட்டும். வட்டி கட்டும் ஆளுக்கு எந்த கார்டும் லாபம் தராது. அதனால் நம் வரிசை இப்படிப் போகும்.

படி 1: ஆட்டோ டெபிட்

பில் தொகை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும் வசதி இது. கார்டின் ஆப்பில் இதைப் போடும்போது மொத்தத் தொகையா, குறைந்தபட்சத் தொகையா என்று கேட்கும். மொத்தத் தொகையைத் தேர்ந்தெடுங்கள். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, அவ்வளவுதான். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பல கார்டுகளில் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டியைக் கணக்கிடுவார்கள். பாக்கி தீரும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. பாயிண்டில் வருவது 1%, வட்டியில் போவது மாதம் 3% என்றால், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கவே வேண்டாம். பொதுவாக எடுத்த அன்றே வட்டி தொடங்கிவிடும், பாயிண்டும் வராது.

படி 2: இரண்டு தேதிகள்

பில் போடும் நாள் 5, கட்டக் கடைசி நாள் 25 என்று வைத்துக்கொள்வோம். 4ஆம் தேதி வாங்கினால் அதே மாதம் 25க்குள் கட்ட வேண்டும், 21 நாள்தான். 6ஆம் தேதி வாங்கினால் அது அடுத்த பில்லில் வரும், ஏறக்குறைய 50 நாள் கிடைக்கும். பெரிய செலவு இருந்தால் இரண்டு நாள் பொறுங்கள்.

படி 3: பாயிண்டின் உண்மை விலை

"100க்கு 2 பாயிண்ட்" என்று போட்டிருப்பதைப் பார்த்து 2% என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பாயிண்டுக்கு 0.25 ரூபாய்தான் தருகிறார்கள் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 0.5%. அந்தக் கணக்கில் 1,000 ஆண்டுக் கட்டணத்தை ஈடுகட்டவே 2,00,000 செலவழிக்க வேண்டும். எரிபொருள், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது போன்றவற்றுக்குப் பல கார்டுகளில் பாயிண்டே இல்லை. விதிமுறைகளில் அந்த விலக்குப் பட்டியலை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

படி 4: செலவுக்கு வேலி

எப்படியும் கட்டப்போகும் மின்கட்டணம், மளிகை, காப்பீடு போன்றவற்றை கார்டுக்கு மாற்றினாலே போதும். "இன்னும் 400க்கு வாங்கினால் 100 கேஷ்பேக்" என்று ஆசை காட்டுவார்கள். தேவையில்லாத பொருள் என்றால் உங்கள் கையை விட்டுப் போவது 300. ஆப்பில் லிமிட்டைக் குறைக்கும் வசதி இருந்தால், மாத பட்ஜெட்டுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ரிடீம்

சேர்த்த பாயிண்டைக் காலாவதி ஆவதற்குள் எடுத்துவிடுங்கள். பரிசுப் பொருட்களை எடுத்தால் பெரும்பாலும் மதிப்பு குறைவு. பில்லில் கழித்துக்கொள்வது தேவலை. ஒரு விஷயம்: அப்படிக் கழித்த தொகையைப் பல கார்டுகளில் நீங்கள் பணம் கட்டியதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த மாதப் பில்லை வழக்கம்போல முழுதாகவே கட்டுங்கள், கழிவு அடுத்த பில்லில் வரட்டும்.