கப்பலில் வந்த செம்பா? குடும்பப் பழம்பொருட்களின் கதையைப் பதிந்து பகிர்வது எப்படி

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த், டோங்காட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பழம்பொருள் ஒன்றும் இல்லாத வீடு குறைவு. பித்தளைச் செம்பு, காமாட்சி விளக்கு, காசுமாலை, தகரப் பெட்டி, ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்த முன்னோரின் ஒப்பந்தம் முடிந்த சீட்டு, மங்கிப்போன கல்யாணப் படம் என்று ஏதாவது இருக்கும். பொருளைப் பத்திரமாகத்தான் வைத்திருப்பார்கள். தொலைவது கதை. ஆயா கண்ணை மூடியதும் “இது கப்பலில் வந்தது” என்ற ஒரு வரிதான் மிஞ்சும், அந்த வரியும் பல வீடுகளில் நிற்காது. ஆகவே பொருளை நாலு பேருக்குக் காட்டுமுன் ஒரு நோட்டில் நெடுக்காகக் கோடிட்டு மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: பொருளின் மேல் கண்ணால் காண்பது, வீட்டுப் பெரியவர்கள் சொல்வது, காகிதத்தில் இருப்பது. மூன்றையும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது.

முதலில் பொருளைப் பாருங்கள்

பாத்திரத்தைத் தேய்த்து விளக்கி வைத்துவிட்டுப் படம் எடுக்காதீர்கள். படம் எடுத்துவிட்டு, விளக்கலாமா என்று யோசியுங்கள். புளியும் கடையில் வாங்கும் பாலிஷும் ஒவ்வொரு முறையும் பித்தளையில் ஒரு துளி மேற்பரப்பைத் தின்றுவிடும். பாத்திரத்தில் பெயர் வெட்டியிருந்தால் முதலில் அழிவது அதுதான். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றி எடுங்கள். ஈரம் தங்கினால் களிம்பு ஏறும்.

வெட்டிய எழுத்து தெரியவில்லையா? அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் படுக்கவைத்தாற்போல் பிடியுங்கள். குழிகளில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். நாலு பக்கமிருந்தும் வெளிச்சம் போட்டு நாலு படம் எடுங்கள். மெல்லிய தாளை மேலே வைத்து, மென்மையான பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துப் படி எடுப்பதும் பலன் தரும். சுண்ணாம்பு, மாவு, மை எதையும் எழுத்தில் பூச வேண்டாம்.

படிப்பதில் சில பொறிகள் உண்டு. பழைய வெட்டெழுத்தில் மெய்க்குப் புள்ளி வைப்பது அரிது. “பொனனமமாள” என்றிருந்தால் அது பொன்னம்மாள். ணை, லை, ளை, னை ஆகியவை தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில், தலைமேல் யானைத் துதிக்கைபோல் வளைந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே தனியாக நிற்கும் “உ” பிள்ளையார் சுழி. தமிழ் எண்ணில் இரண்டும் அதே வடிவம்தான் என்பதால் அதை வருடத்தோடு சேர்த்துப் படித்துவிடாதீர்கள். ௲௯௱௰௨ என்பது 1912: ஆயிரம், ஒன்பது நூறு, பத்து, இரண்டு.

கடிதங்களிலும் ஜாதகங்களிலும் ஆங்கில வருடம் இல்லாமல் ஆண்டின் பெயர் மட்டும் இருக்கலாம். பெயர்கள் அறுபது, 1867 ஏப்ரலில் பிரபவ, அதே பெயர் மறுபடி 1927இல், பிறகு 1987இல். “ஆனந்த” என்றிருந்தால் 1914–15 அல்லது 1974–75. தாளும் மையும் எது என்பதைச் சொல்லிவிடும். ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குவதால், தை, மாசி, பங்குனித் தேதிகளுக்கு ஆங்கில வருடம் ஒன்று கூடும். மறக்கப்படுவது இதுதான்.

காசுமாலையில் ஒவ்வொரு காசின் வருடத்தையும் லென்ஸ் வைத்துக் குறியுங்கள். பிரிட்டிஷ் தங்கக் காசான சவரன் 22 காரட், 7.98 கிராம், குறுக்களவு 22 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காசில் உள்ள குதிரையின் காலடியில், வருடத்துக்கு மேலே “எஸ்.ஏ.” (SA) என்ற சின்ன எழுத்துகள் இருந்தால் அந்தக் காசு பிரிட்டோரியாவில் 1923க்கும் 1932க்கும் இடையில் அடித்தது. ஒப்பந்தக் கப்பல்கள் 1911இலேயே நின்றுவிட்டன. அப்படியானால் “கொள்ளுப்பாட்டி ஊரிலிருந்து போட்டுக்கொண்டு வந்தது” என்பது அந்த ஒரு காசுக்காவது பொருந்தாது. உடனே கதையை அடித்துவிடவும் வேண்டாம். மாலை பழையதாக இருந்து, காசு பின்னால் கோர்த்திருக்கலாம். எந்தக் காசு யார் பிறந்தபோது, எந்த நல்லதுக்குச் சேர்ந்தது என்று கேளுங்கள். கப்பல் கதையைவிட நல்ல கதை அங்கே கிடைக்கும்.

பெரியவர்களிடம் கேட்பது

பொருளை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். “இதன் முக்கியத்துவம் என்ன?” என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். யார் இதைக் கழுவுவார்கள், எந்த நாளில் வெளியே எடுப்பார்கள், எந்தப் பிள்ளை தொட்டால் திட்டு விழும், வேலை இல்லாத காலத்தில் அடகுக்குப் போனதா என்று கேளுங்கள். இங்கே விடக்கூடாத கேள்வி ஒன்று: “வீடு மாறியபோது இது எப்படி வந்தது?” நிறவெறி ஆட்சியின் இனவாரிப் பகுதிச் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்தும், மேகசின் பேரக்ஸிலிருந்தும் சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்ந்த குடும்பங்களில் பொருள் தொலைந்ததும் பிரிந்ததும் அப்போதுதான்.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துணிமேல், பேசுபவரிடமிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், ஒலிப்பதிவு கெடுவதற்கு முதல் காரணம் அது. தொடங்கும்போதே தேதி, இடம், பேசுபவர் பெயர், பொருளுக்கு நோட்டில் நீங்கள் போட்ட எண் ஆகியவற்றைச் சொல்லிவிடுங்கள். முக்கால் மணி நேரத்துக்குமேல் நீட்ட வேண்டாம். ஆங்கிலத்தில் பேசினால் ஆங்கிலத்திலேயே பேசட்டும். நடுவே வரும் தமிழ்ச் சொல்லைத் திருத்தாமல் காதில் விழுந்தபடி எழுதுங்கள். திருத்தினால் அடுத்த சொல்லைச் சொல்லவே கூச்சப்படுவார்கள்.

காகிதத்தோடு ஒத்துப் பார்ப்பது

1860க்கும் 1911க்கும் இடையே டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு இந்தியாவிலிருந்து 152,184 பேர் ஒப்பந்தத்தில் வந்தார்கள். 1860 நவம்பர் 16இல் டர்பனில் நங்கூரமிட்ட முதல் கப்பலான ‘ட்ரூரோ’வில் வந்தவர்கள் 342 பேர். “எங்கள் தாத்தா ட்ரூரோவில் வந்தவர்” என்று சொல்லும் குடும்பங்களை எண்ணினால் அந்தக் கப்பல் தாங்காது. அதனால் கப்பல் பதிவேட்டைப் பாருங்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் பட்டியல்கள் இருக்கின்றன. இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்புகள் பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில்.

தேடுவதற்குச் சாவி, பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் போட்ட குடியேறியவர் எண். ஒப்பந்தம் முடிந்த சீட்டு, பிறப்பு இறப்புச் சான்றிதழ், பழைய கல்யாணப் பதிவு ஆகியவற்றின் ஓரத்தில் இருக்கும். எண் கிடைக்காவிட்டால் பெயர், தகப்பன் பெயர், கிராமம் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் முனியம்மாவுக்கு ஏழெட்டு எழுத்துக்கோர்வை உண்டு. சத்தமாக வாசித்துப் பார்த்தால் பிடிபடும். “வட ஆற்காடு” என்றிருந்தால் கிராமத்தை இன்றைய தமிழ்நாட்டில் மட்டும் தேடாதீர்கள். சித்தூர் 1911 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.

கல்யாணத் தேதி பிள்ளைகளின் பிறப்புக்குப் பின்னால் வந்தால் பதற வேண்டாம். 1913இல் கேப் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று நம் முறைக் கல்யாணங்கள் சட்டப்படி செல்லாது என்றது. 1914இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டத்துக்குப் பிறகே பதிய வழி பிறந்தது. ஒப்பந்தம் முடிந்தவர்கள்மேல் போட்ட மூன்று பவுன் வரியைக் கட்டிய ரசீது இருந்தால் அதுவும் அதே சட்டத்தோடு ஒழிந்த வரி. அப்படி ஒரு துண்டுச்சீட்டு கையில் இருந்தால் தங்கத்தைவிடப் பத்திரமாக வையுங்கள்.

படமும் தாளும் சேலையும்

டர்பன் கடற்கரைக் காற்றின் ஈரம்தான் இங்கே பெரிய எதிரி. ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை கிளம்பும். கராஜ், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி, கூரைக்கடியில் உள்ள பரண் மூன்றும் ஆகாது. அஞ்சலட்டை அளவுப் படத்தை 600 டிபிஐ-யிலும், பாஸ்போர்ட் அளவுப் படத்தை 1200-லும் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாக வையுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். பசை ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பல் இடுக்கு நூலைப் படத்துக்கடியில் மெதுவாக அறுத்தாற்போல் ஓட்டலாம். முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அதைப் பிறகு எடுக்க முடியாது. குண்டூசி, ஸ்டேப்பிள் எல்லாம் துருவேறித் தாளைத் துளைக்கும், கழற்றுங்கள். செல்லோடேப்பும் பிவிசி உறையும் தாளுக்கு விஷம். பாலியஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது.

பட்டுச்சேலையைத் துவைத்த பழைய மல் துணியில் சுற்றி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறு மடிப்பில் மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அங்கேதான் அறும். நாப்தலின் உருண்டை துணியைத் தொடக் கூடாது.

2022 ஏப்ரல் வெள்ளம்போல் தண்ணீர் புகுந்தால் நனைந்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் அலசி, முகம் மேலாக நிழலில் காயவையுங்கள். இரண்டு நாளைக்குள் முடியாதென்றால் நடுவே மெழுகுத்தாள் வைத்து ஃப்ரீசரில் போடுங்கள். பிறகு நிதானமாக எடுத்துப் பார்க்கலாம்.

நாலு பேரோடு பகிர்வது

ட்ரூரோ வந்த நாளான நவம்பர் 16 அல்லது தீபாவளியை ஒட்டிய ஞாயிறு வசதி. புரட்டாசி விரத நாட்களில் பெரியவர்களுக்கு வீட்டு வேலையே அதிகம், விட்டுவிடுங்கள். பொருளுக்கு ஒரு மேசை, சாப்பாட்டுக்கு வேறு அறை. ஒவ்வொன்றிலும் பருத்தி நூலால் எண் அட்டை கட்டுங்கள், ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். அட்டையில் மூன்று வரி போதும்: காண்பது, சொல்வது, காகிதம் சொல்வது. பத்துக்குமேல் பொருள் வைத்தால் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வையுங்கள். டோங்காட் அத்தைக்கு வேறு கதை தெரிந்திருக்கும். அதையும் அவர் பெயரோடு எழுதிச் சேருங்கள், முதல் கதையை அழிக்காமல்.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுணுக்கம் போய்விடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். நகைப் படத்தில் வீட்டு வாசலோ இருப்பிடக் குறியோ தெரியக் கூடாது. உயிரோடிருப்பவரின் 13 இலக்க அடையாள எண்ணை மறையுங்கள், அதன் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி. கப்பல் பட்டியலில் சாதியைக் குறிக்கவும் ஒரு பத்தி உண்டு. அதைக் காட்டுவதா என்று வீட்டில் பேசி முடிவெடுத்த பிறகே பக்கத்தை வெளியே விடுங்கள்.

கண்காட்சிக்கோ கோயில் விழாவுக்கோ கேட்டால் நகலைக் கொடுங்கள். மூலத்தைத்தான் வேண்டும் என்றால் பொருளின் நிலை, இருக்கும் கீறல்கள், திரும்பும் தேதி, காப்பீட்டுத் தொகை, யார் குடும்பத்தது என்று போடும் வாசகம் ஆகியவற்றை எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். சொந்தக்காரர் ஒருவர் பழம்பொருளைக் கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ எடுத்துப்போக விரும்பினால் முதலில் தென்னாப்பிரிக்கப் பாரம்பரிய வளங்கள் நிறுவனத்தைக் கேளுங்கள்; 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி சில வகைப் பொருட்களுக்கு அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போக முடியாது.

ஐந்து பிள்ளைகள், ஒரே மாலை என்றால் காசைப் பிரித்துக் கொடுக்கத்தான் தோன்றும். பிரிப்பதென்றே முடிவானால், முழு மாலையாகப் படமெடுத்து, எந்தக் காசு எந்த இடத்தில் கோர்த்திருந்தது, யாருக்குப் போயிற்று என்று வரைபடம் போட்டு ஐவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பிரிக்காமல் வருடத்துக்கு ஒரு வீடு என்று சுற்றவிடுவதானால் அந்த முறையை உயிலிலேயே, பொருளின் எண்ணும் படமும் சேர்த்து, எழுதிவிடுங்கள். “அம்மாவின் நகைகள்” என்று மொத்தமாக எழுதிய உயில்தான் அண்ணன் தம்பியை வக்கீல் வீட்டுக்கு அனுப்புகிறது.